அப்பாவின் கால் போன கதை அரசாங்கத்துக்குத் தெரியும். அம்மாவின் கல்யாணம் தெரியுமா?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் பினாங்கில் உள்ள பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அப்பாவுக்கு 69 வயது. 1975-இல் மலேசிய ராணுவத்தில் சேர்ந்தார். 1981-இல் கிரிக் பக்கம் காட்டில் கம்யூனிஸ்டுகள் வைத்த கண்ணியை மிதித்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அடுத்த வருடம் மருத்துவக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து மாதா மாதம் ஒரு சிறு பென்சன் வங்கியில் விழுகிறது. பிறகு இருபது வருடம் செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது சர்க்கரை நோய். நல்லாயிருந்த வலது பாதத்திலும் புண். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் மூன்றாம் மாடி. கோயிலில் சந்தித்த ஒருவர், "கால் போன முன்னாள் வீரர்களுக்குப் பினாங்கு மாநில அரசு தனியாகப் பணம் கொடுக்கிறது, போய்க் கேளுங்கள்" என்றார். எங்கே போய்க் கேட்பது? மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டு எடுக்கலாம் என்றால் அப்பா சம்மதிக்கவில்லை. கார்டு எடுத்தால் பென்சனை வெட்டிவிடுவார்களாம். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பென்சன் அம்மாவுக்கு வருமா? அவர்கள் 1979-இல் நிபோங் திபால் பக்கம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டவர்கள். ரிஜிஸ்டர் பண்ணவில்லை.
– ஒரு மகள், பிறை

பதில்:

அன்புள்ள மகளுக்கு,

முதலில் மாநில அரசுப் பணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில், "ரிஜிஸ்டர் பண்ணவில்லை" என்று ஒரு வரி. நான் அந்தக் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருந்த காலத்தில் கட்டில் ஓரமாக உட்கார்ந்து எத்தனையோ குடும்பங்களின் ஃபைல்களைப் புரட்டியிருக்கிறேன். உதவி வாங்கத் தகுதி இல்லை என்று திரும்பியவர்களைக்கூட மறந்துவிட்டேன். தகுதி இருந்தும் ஒரு தாள் இல்லாமல் திரும்பியவர்களை மறக்க முடியவில்லை.

1979 என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்த விஷயத்தில் வருடம்தான் எல்லாம். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. ஆனால் அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் தேதி. அந்தத் தேதிக்கு முன்னால், நம் வழக்கப்படி ஊரார் முன்னிலையில் முறையாக நடந்த கல்யாணம் செல்லும். பதிவு ஆனதாகவே சட்டம் அதை எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்கள் அப்படி அல்ல. தாலி, மேளம், பந்தி எல்லாம் இருந்தாலும் பதிவாளரிடம் கையெழுத்துப் போடாவிட்டால் கவுண்டரில் அந்தக் கல்யாணத்துக்கு மதிப்புக் கிடையாது.

இதை ஒரே வீட்டில் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். அக்கா, தங்கை இருவர். ஒரே தோட்டம், ஒரே கோயில், தாலி எடுத்துக் கொடுத்த பண்டாரமும் ஒருவரே. அக்காவுக்கு 1981 ஆவணியில் கல்யாணம், தங்கைக்கு 1983 தையில். இரண்டு மாப்பிள்ளைகளும் அரசாங்கத்தில் தொழிலாளிகள், இரண்டு பேரும் பென்சனோடு ஓய்வு பெற்றவர்கள். இரண்டு பேரும் முன்பின்னாகக் காலமானார்கள். அக்காவின் பேப்பர் சில மாதங்களில் சரியாகிவிட்டது. தங்கை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "நானும் அதே அம்மன் முன்னாடிதானே கட்டிக்கிட்டேன்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்ல முடியும்? உயிரோடு இருந்த காலத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நாள் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன் போய் வந்திருந்தால் முடிந்திருக்கும் காரியம் அது.

உங்கள் அம்மா அப்பா 1979 என்றால் அக்காவின் பக்கம் நிற்கிறார்கள். நல்லது. ஆனால் கல்யாணம் செல்லும் என்பது ஒன்று, கையில் சான்றிதழ் இருப்பது இன்னொன்று. கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை 1982-க்குப் பிறகு பிறந்திருக்கும். பழைய கதையெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அதே சட்டத்தின் 33-வது பிரிவு, அந்தத் தேதிக்கு முன்னால் வழக்கப்படி நடந்த கல்யாணத்தை இப்போதும் விரும்பிப் பதிவு செய்துகொள்ள வழி விடுகிறது. விண்ணப்பிக்க வேண்டியவர்கள் கணவன் மனைவிதான்; பதிவாளர் இருவரையும் நேரில் வரச் சொல்லலாம், கல்யாணம் நடந்ததற்கு ஆதாரம் கேட்கலாம். அதனால்தான் அப்பா இருக்கும்போதே என்று அவசரப்படுத்துகிறேன்.

ஆதாரம் என்றால் என்ன? தோட்டமே வீடமைப்புப் பகுதியாக மாறியிருக்கும், கோயிலை நகர்த்தியிருப்பார்கள், பண்டாரம் காலமாகியிருப்பார். பரவாயில்லை. கோயில் இடம் மாறியிருந்தாலும் இப்போதைய நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள். கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்ட பெரியவர்கள் இரண்டு பேர் உயிரோடு இருந்தால், சத்தியப் பிரமாண ஆணையரிடம் அழைத்துப் போய் எழுதி வாங்குங்கள். உங்கள் பிறப்புப் பத்திரம், அண்ணன் தம்பி இருந்தால் அவர்களுடையதும் வேண்டும். அதில் அப்பா அம்மா பெயர் இருக்கிறதே, அதுவே பெரிய சாட்சி. கல்யாணப் பத்திரிகை ஒன்று பழைய டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். அப்புறம் போட்டோ. அந்தக் காலத்தில் கல்யாணம் முடிந்த கையோடு டவுனுக்குப் போய் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுப்பார்கள், மாலையோடு, பின்னால் வரைந்த திரையோடு. அதை ஃபிரேமிலிருந்து கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். பல ஸ்டூடியோக்கள் முத்திரை குத்தித் தேதி எழுதி வைத்திருக்கும். என் அனுபவத்தில் இரண்டு மூன்று பேருக்கு அந்த ஊதா முத்திரையே போதுமானதாக இருந்திருக்கிறது.

போவதற்கு முன் எல்லாத் தாளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் பெயர்களை ரூமியில், அதாவது ஆங்கில எழுத்தில், எழுதியவர்கள் தோட்டத்துக் கிராணிகள், மருத்துவமனை எழுத்தர்கள், ராணுவ ஆள்சேர்ப்புக்காரர்கள். ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். ஒரே சுப்பிரமணியம் அடையாளக் கார்டில் ஒரு மாதிரி, ராணுவப் பதிவில் ஓர் எழுத்துக் குறைந்து, மகளின் பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் முன்னால் வந்து இன்னொரு மாதிரி. மனிதன் ஒருவன்தான், கணினிக்கு மூன்று பேர். வித்தியாசம் இருந்தால், இவை எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஒரு சத்தியப் பிரமாணத்தில் எல்லா எழுத்து வடிவங்களையும் வரிசையாக எழுதி, அடையாளக் கார்டு எண்ணையும் ராணுவ எண்ணையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒரு முறை செய்தால் எல்லா இலாகாவுக்கும் ஆகும்.

சரி, பென்சனுக்கு வருவோம். ராணுவத்தில் நீண்ட காலம் இருந்தவர்கள் வாங்குவது சேவைப் பென்சன். சாதாரணச் சிப்பாய்க்கு 21 வருடம் முடிந்தால்தான் அது. உங்கள் அப்பா இருந்தது ஏழு வருடம். அதனால் அவருக்கு வருவது காயத்துக்கான பென்சனாகத்தான் இருக்க வேண்டும். மலாயில் ஹிலாங் உப்பாயா என்பார்கள். காயம் பணியினால் ஏற்பட்டதா, எத்தனை சதவீதம் இயலாமை என்று ராணுவ மருத்துவ வாரியம் அன்று எழுதியதை வைத்துத்தான் அந்தத் தொகை. இதைக் கொடுப்பது ராணுவ முன்னாள் வீரர் விவகார இலாகா, ஜே.எச்.இ.வி. தற்காப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. பினாங்கிலும் கிளை உண்டு.

அங்கே போய் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். அப்பா பெயரில், அப்பா கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். கடிதத்தில் கேட்க வேண்டியவை: நான் வாங்குவது எந்த வகைப் பென்சன்? என் இயலாமைச் சதவீதம் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது? என் மனைவி என்று யார் பெயர் உங்களிடம் இருக்கிறது? நான் இறந்தால் அவருக்கு என்ன சேரும்? நான்கு வரிதான். அம்மாவுக்கு வருமா என்று நீங்கள் என்னிடம் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. வாரிசுக்குப் போவது பென்சனின் வகையைப் பொறுத்தும், மரணத்துக்கும் அந்தக் காயத்துக்கும் தொடர்பு உண்டா என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. அதனால்தான் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள். 19 வயதில் சேர்ந்த பையன் நெருங்கிய உறவு என்ற இடத்தில் அவனுடைய அம்மா பெயரைக் கொடுத்திருப்பான். உங்கள் பாட்டி போய்ச் சேர்ந்து எத்தனை வருடமோ, ஃபைலில் இன்னும் அவர்தான் உட்கார்ந்திருப்பார். புதுத் திருமணச் சான்றிதழ் கையில் வந்ததும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள்.

அதே கவுண்டரில் இன்னும் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, செயற்கைக் காலும் சக்கர நாற்காலியும். காயத்தோடு வெளியே வந்தவர்களுக்கு அந்த உபகரணங்களுக்கான உதவி அந்த இலாகா வழியாகவே வருகிறது. அப்பாவின் செயற்கைக் கால் எத்தனை வருடப் பழையது? சர்க்கரை வந்து உடம்பு இளைத்தால் வெட்டிய காலின் நுனி சுருங்கும், பழைய குழி பொருந்தாமல் ஆடும். பொருந்தாத காலை மாட்டிக்கொண்டு நடப்பவர் மொத்தப் பாரத்தையும் நல்ல காலில் போடுவார். உணர்ச்சி குறைந்த சர்க்கரைப் பாதம் அதைத் தாங்காது. வலது பாதத்தில் புண் வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவர் புண்ணை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால், "இவருடைய செயற்கைக் காலையும் கொஞ்சம் பாருங்கள், மறுவாழ்வுப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள். பணத்தைவிட எனக்கு இதுதான் கவலை. இரண்டாவது, தாபோங் பஹ்லாவான் என்ற வீரர் நிதி. ஜூலை 31 வீரர் தினத்தை ஒட்டிச் சிவப்புப் பூ விற்று வசூலிப்பார்களே, அதே நிதி. கஷ்டத்தில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்து உதவுகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது "சொக்சோவில் கேளுங்களேன்" என்று, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சொல்லியிருப்பார்கள். செக்யூரிட்டி வேலையில் சந்தா கட்டியிருப்பார், உண்மைதான். ஆனால் அங்கே நோயினால் வேலை செய்ய முடியாமல் போனதற்கான பென்சன் 60 வயதுக்கு முன்னால் வந்தவர்களுக்கு. அந்தக் கதவை விட்டுவிடுங்கள்.

இனி அப்பாவின் பிடிவாதம். ஓகேயூ கார்டு எடுத்தால் பென்சன் போகும் என்பது அவர் மட்டும் சொல்வதல்ல, பழைய வீரர்கள் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. பென்சன் ராணுவச் சட்டத்தின்படி வருவது, தற்காப்பு அமைச்சின் கணக்கு. கார்டு 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி சமூக நல இலாகா கொடுப்பது. அன்று ராணுவ வாரியம் போட்ட சதவீதத்தை இன்று கிளினிக் டாக்டர் நிரப்பும் ஃபாரம் மாற்றாது. கார்டுக்குக் கட்டணமும் இல்லை. மருத்துவர் பரிசோதித்து உடல் பிரிவில் உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான். முழங்காலுக்குக் கீழே கால் இல்லாதவரைப் பார்த்து எந்த டாக்டரும் யோசிக்கப் போவதில்லை.

ஆனால் பென்சன் ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு காலோடு நின்று வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர். இந்த வயதில் ஒரு கார்டு வந்து அவரை "குறைவு உள்ளவர்" என்று சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. ஓகேயூ என்ற மூன்றெழுத்தின் மலாய் விரிவே அப்படித்தானே இருக்கிறது! இதை நீங்கள் பேசித் தீர்க்க முடியாது. மகள் சொன்னால் அறிவுரை; பழைய ஆர்மிக்காரர் சொன்னால் பேச்சு. முன்னாள் வீரர் சங்கத்தின் கிளைகள் பட்டர்வொர்த் பக்கமும் இருக்கின்றன. அங்கே கார்டு வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து வீட்டுக்குத் தேநீருக்கு அழையுங்கள். கிரிக், பெத்தோங், எந்தப் படைப்பிரிவு, எந்த வருடம் என்று ஆரம்பிப்பார்கள். இரண்டாவது கோப்பையின்போது அவர் தன் கார்டை எடுத்து மேசையில் வைத்தால் போதும். நீங்கள் அடுப்படியில் இருங்கள்.

கார்டு வந்தால் என்ன கிடைக்கும் என்று பெரிதாக ஆசை காட்ட மாட்டேன். மாதாந்திரப் பணம் பெரும்பாலும் கிடைக்காது. சமூக நல இலாகாவில் வேலை செய்ய முடியாத ஓகேயூவுக்கான உதவி 59 வயது வரைதான். வேலை செய்யும் ஓகேயூவுக்கான அலவன்ஸ் வேலையில் இருப்பவர்களுக்கு. முதியோர் உதவி நிரந்தர வருமானம் இல்லாதவர்களுக்கு. பென்சன் வாங்குபவருக்கு அது கடினம். பிற்காலத்தில் அவர் படுக்கையாகிவிட்டால் பராமரிப்பவருக்கான உதவி என்று ஒன்று இருக்கிறது. அன்றைக்குக் கார்டு ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

பணமாக வராத சலுகைகள்தான் கார்டில் அதிகம். அரசு மருத்துவமனைக் கட்டணத்தில் விலக்கு, கேடிஎம் ரயிலில் பாதிக் கட்டணம், கட்டணமில்லாத கடப்பிதழ். பழனி, ராமேஸ்வரம் என்று அம்மாவுக்கு ஆசை இருந்தால் கடைசியாகச் சொன்னதைப் பற்றி அப்பாவிடம் முதலில் பேசுங்கள். உங்களுக்கும் இதில் லாபம் உண்டு. வருமான வரி கட்டுகிறீர்கள் என்றால், பதிவு பெற்ற ஓகேயூவான பெற்றோருக்கு நீங்கள் வாங்கித் தரும் சக்கர நாற்காலி, செயற்கைக் கால் போன்ற அடிப்படை உபகரணங்களுக்கு 6,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிவு கேட்கலாம். பதிவு இல்லை என்றால் அந்தக் கழிவும் இல்லை. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 8,000 வெள்ளி வரை தனிக் கழிவு. அதற்குக் கார்டு தேவையில்லை. ரசீதுகளை ஏழு வருடம் வைத்திருங்கள். பார்மசியில் கொடுக்கும் அந்த வழுவழுத் தாள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட மாநில அரசு. நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் எந்த வேலை யாருடையது என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். தற்காப்பும் ராணுவமும் மத்திய அரசின் பட்டியலில். சமூக நலம் இரண்டு அரசும் சேர்ந்து பார்க்கும் பொதுப் பட்டியலில். அதனால் ராணுவத்தில் கால் போனதற்கான கணக்கைப் புத்ராஜெயாவில் இருக்கும் மத்திய அரசு தீர்க்கிறது. கொம்தாரில் இருக்கும் மாநில அரசு உங்கள் அப்பாவைப் பினாங்கில் வாழும் ஒரு முதியவர், ஒரு மாற்றுத்திறனாளி என்ற முறையில்தான் பார்க்கிறது. கோயிலில் உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்தது அநேகமாக ஐ-செஜாத்திரா பணமாக இருக்கும். முதியோர், ஓகேயூ, தனித்து வாழும் தாய் என்று அதில் பிரிவுகள் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை வரும் சிறு தொகை அது. தீபாவளிச் செலவில் கரைந்துவிடும். அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவுக்கும் 60 தாண்டியிருந்தால் அவரும் முதியோர் பிரிவில் தன் பெயரிலேயே பதியலாம். பலர் அப்பாவை மட்டும் பதிந்துவிட்டு அம்மாவை மறந்துவிடுகிறார்கள். பினாங்கில் வாக்காளராகப் பதிவு இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் சிக்கலாகும் இடம். அப்பாவின் ஓட்டு இன்னும் வேறு மாநிலத்தில், பழைய முகாம் முகவரியில் கிடக்கிறதா என்று பார்த்து, அப்படி இருந்தால் முகவரியை மாற்றுங்கள். விண்ணப்பத்துக்குக் கொம்தார் வரை போக வேண்டாம். உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலேயே ஃபாரம் நிரப்ப உதவுவார்கள். போன கையோடு சக்கர நாற்காலி கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய ஒதுக்கீட்டிலிருந்து வாங்கிக் கொடுப்பது வழக்கம்தான். முன்னாள் வீரர் சங்கங்கள் வழியாக எப்போதாவது அன்பளிப்பு நிகழ்ச்சி நடந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

மாநில அரசிடம் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது வேறு. வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, ஒரு கால் இல்லை, இன்னொரு காலில் புண். ஒரு முறை கீழே இறங்கி ஏற எத்தனை படி என்று எண்ணியிருக்கிறீர்களா? நிலம் மாநில அரசின் கையில் இருப்பது; வீடமைப்பு பொதுப் பட்டியலில் இருந்தாலும் அதில் மாநில அரசுக்கும் பங்கு உண்டு. நீங்கள் இருப்பது அரசு வாடகை வீடு என்றால், தரைத்தளத்துக்கு மாற்றித் தரும்படி மாநில வீடமைப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். சொந்த வீடு என்றால் வழி நீளம். விற்று, தரைத்தளம் பார்ப்பதா அல்லது கீழ்வீட்டுக்காரரோடு மாற்றிக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும். வாடகை வீடாக இருந்தால், கடிதத்தோடு ஓகேயூ கார்டின் நகல், "படி ஏறுவது இவருடைய வலது காலுக்கு ஆபத்து" என்று டாக்டர் எழுதிய ஒரு வரி, படிக்கட்டின் போட்டோ ஆகியவற்றை இணையுங்கள். கார்டு இல்லாமல் இந்தக் கடிதத்துக்கு வலு கிடையாது. அப்பாவிடம் கார்டைப் பற்றிப் பேசும்போது பணத்தைச் சொல்லாமல் தரைவீட்டைச் சொல்லுங்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்று சொல்லுங்கள்.

சொல்ல மனம் வராத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாளை அப்பா காலமானால், பென்சன் விழும் வங்கிக் கணக்கிலிருந்து ஏடிஎம் கார்டை வைத்துப் பணம் எடுக்காதீர்கள். காரியச் செலவு என்று எடுத்துவிடுகிறார்கள். இறப்புக்குப் பிறகு விழுந்த பென்சனை இலாகா திருப்பிக் கேட்கும், அந்தக் கணக்குத் தீரும்வரை விதவையின் விண்ணப்பமும் இழுபடும். இறப்புச் சான்றிதழோடு முதலில் ஜே.எச்.இ.வி.க்குத் தெரிவியுங்கள். செக்யூரிட்டி வேலையின் ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தில் மிச்சம் இருந்தால், வாரிசாக யார் பெயர் கொடுத்திருக்கிறார் என்பதை இப்போதே பாருங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அங்கே பெயர் கொடுத்தவர்தான் பணத்தின் சொந்தக்காரர். அங்கேயும் பாட்டி பெயர் இருந்தால் ஆச்சரியமில்லை.

மூன்று மாடி இறங்க வைக்கிற நாளை வீணாக்காதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் நாளையே தேர்ந்தெடுங்கள். காலையில் கிளினிக், அங்கேயே கார்டு ஃபாரத்தில் டாக்டரின் கையெழுத்து. பிறகு ஜேபிஎன். அம்மாவுக்குப் பட்டுப் புடவை எதற்கு என்பார். கட்டச் சொல்லுங்கள், போட்டோ எடுப்பீர்கள்தானே? அந்தப் பழைய ஸ்டூடியோ படத்தை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். முன்பக்கமும் முத்திரை உள்ள பின்பக்கமும் நகல் எடுத்துக் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டு, கையோடு வாங்கிப் பையில் வையுங்கள். இப்படி ஒரு படத்தை ஒரு கவுண்டரில் கொடுத்துவிட்டு வந்த பாட்டி ஒருவருக்காக நான் மூன்று முறை போய்க் கேட்டும் அது திரும்பக் கிடைக்கவில்லை.